பிழை எந்த வரியில்?

வண்ணாத்திவில்லில் ஒருவர் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கப் புறப்பட்டால், எத்தனை குதிரைவலு என்று முதலில் கேட்பதில்லை. “பார்ட்ஸ் புத்தளத்தில் கிடைக்குமா, உடைந்தால் பார்க்க பாஸ் இருக்கிறாரா?” என்றுதான் கேட்பார். விதைப்பு நாளில் வண்டி நின்றுவிட்டால், கொழும்பிலிருந்து ஒரு பெல்ட் வந்து சேரும்வரை மழை காத்திருக்காது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நானும் புதிதாக வரும் ஒவ்வொரு பிளொக்செயினையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். அதன் வேகம், கட்டணம், அதில் பணம் போட்டவர்கள் யார் என்பதெல்லாம் பிறகு. உடைந்தால் எங்கே உடைந்தது என்று அது சொல்லுமா? சொல்வதை வாசிக்க என் கையில் கருவி உண்டா?

கொழும்பிலோ பெங்களூரிலோ வேலை செய்பவருக்கு இது அவ்வளவு பாரமான கேள்வியில்லை. பக்கத்து மேசையில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊர் புத்தளத்துக்கு வடக்கே, எழுவன்குளம் போகும் வீதியில் இருக்கிறது. மேற்கே களப்பு, வடக்கே வில்பத்துக் காடு. கஜு, தென்னை, மீன், அருவக்காட்டுச் சுண்ணக்கல் என்று ஊரின் சீவியம் ஓடுகிறது. என் துறையில் கேட்க இங்கே ஆள் கிடையாது. கணினித் திரையில் விழும் பிழைச் செய்திதான் எங்களுக்குப் பாடம் சொல்கிறது. அது மோசமாக எழுதப்பட்டிருந்தால் பாடமும் நின்றுவிடும்.

விடயத்துக்கு வருகிறேன். பிளொக்செயின் என்பது பல ஆயிரம் கணினிகள் ஒரே கணக்கேட்டை வைத்திருந்து, அதில் விழும் ஒவ்வொரு பதிவையும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அந்த ஏட்டுக்குள் நிரலும் எழுதி வைக்கலாம். “இன்னார் இவ்வளவு செலுத்தினால் இன்னாருக்கு இவ்வளவு போகட்டும்” என்ற ஒப்பந்தம் தானாக நடந்தேறும். இதற்கு ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் என்று பெயர். ஆயிரம் கணினிகளிலும் அந்த நிரல் ஓர் இம்மி பிசகாமல் ஒரே விடையைத் தர வேண்டும். ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ், ஒன்றில் பழைய சிப் என்று இருக்கும்போது அது எப்படி முடியும்? அதற்காக எல்லாக் கணினிக்குள்ளும் மென்பொருளாலேயே ஒரு கற்பனைக் கணினியைச் செய்து வைக்கிறார்கள். நிரல் அதற்குள்தான் ஓடும். அதுவே மெய்நிகர் எந்திரம்.

இவற்றில் பேர்போனது எதீரியத்தின் எந்திரம். ஈவிஎம் என்று சுருக்கிச் சொல்வார்கள். அதன் இலக்கணத்தை 2014இல் கவின் வூட் எழுதினார். 2015 ஜூலை 30 அன்று எதீரியம் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு எண்ணையும் 256 பிட் அகலத்தில் வைத்துக்கொண்டு, செய்யும் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ‘காஸ்’ என்ற கட்டணத்தை அறவிடும் எந்திரம் அது. அதற்கென்றே வந்த மொழி சொலிடிட்டி. இத்தனை ஆண்டுகளில் அதைச் சுற்றிக் கருவிகள் காடாக வளர்ந்துவிட்டன. உலாவியிலேயே எழுதிப் பார்க்க ரீமிக்ஸ். சொந்தக் கணினியில் சோதிக்க ஹார்ட்ஹெட். 2021இல் பாராடைம் நிறுவனம் வெளியிட்ட ஃபவுண்ட்ரி. நடந்த பரிவர்த்தனையைத் திறந்து பார்க்க ஈதர்ஸ்கேன். பரிசோதித்து வைத்த ஒப்பந்தத் துண்டுகளை எடுத்துப் போட ஓப்பன்செப்பலின்.

ஹார்ட்ஹெட்டில் ஒரு சோதனை தோற்றால், எந்தக் கோப்பு, எந்த வரி, அதை அழைத்தது எந்த வரி என்று ஏணிப்படியாகக் காட்டும். ஒப்பந்தத்துக்குள்ளேயே ஓர் அச்சு வரியைப் போட்டு, இடையில் எண் என்ன ஆகிறது என்றும் பார்க்கலாம். இன்னொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். சொலிடிட்டியில் பிழைச் செய்தியைத் தமிழிலேயே எழுதலாம். ‘நிலுவை போதாது’ என்று எழுதினால் அப்படியே திரையில் வரும். கணினியில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் வேண்டும். உயிர்மெய் எழுத்தில் மெய்க்கொன்று, உயிர்க்குறிக்கொன்று என்று இரண்டு குறிகள் இருப்பதால் அந்த இரண்டு சொல் 37 பைட் ஆகிறது. எந்திரத்தின் ஓர் அறை 32 பைட். ஆகவே செய்தி இரண்டாம் அறைக்குள் வழிந்து, கொஞ்சம் காஸ் கூடுதலாகப் போகும். போகட்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை தன் பிழையைத் தன் மொழியில் வாசிக்கிற அந்த நிமிடத்துக்கு அந்தக் காஸ் தகும்.

இப்படிச் சேர்ந்த கருவிகளின் பெறுமதியை இந்தியாவில் மூன்று பேர் சரியாக எடைபோட்டார்கள். ஜெயந்தி கனானி, சந்தீப் நெய்ல்வால், அனுராக் அர்ஜுன் மூவரும் 2017இல் மேட்டிக் என்று தொடங்கியதுதான் இன்றைய பொலிகன். எதீரியத்தின் நெரிசலைக் குறைக்க வேறொரு சங்கிலி என்று வந்தபோதும் எந்திரத்தை அவர்கள் மாற்றவில்லை. ஈவிஎம்மையே வைத்துக்கொண்டார்கள். எதீரியத்துக்கு எழுதியவர் வலை முகவரியை மாற்றினால் போதும், தன் கருவிகளோடு அப்படியே உள்ளே போகலாம். பலரும் பொலிகனின் வளர்ச்சிக்கு மலிவான கட்டணத்தைக் காரணம் சொல்வார்கள். கருவிப் பெட்டியைக் கைவிடாததும் பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

பிறகு ஏன் வேறு எந்திரங்கள்? காரணங்கள் நியாயமானவை. ஈவிஎம் பரிவர்த்தனைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது. 2020 மார்ச்சில் வந்த சொலானா, ஒன்றையொன்று தொடாத பரிவர்த்தனைகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிறது. லினக்ஸ் கருவுக்காக உருவான ஈபிபிஎஃப் என்ற சிறு எந்திரத்தைத் தழுவி எழுதியது அதன் எந்திரம். பேஸ்புக்கின் லிப்ரா திட்டத்தில் பிறந்த மூவ் மொழி, ஒரு சொத்தைத் தவறுதலாகப் பிரதி எடுக்கவோ தொலைக்கவோ முடியாதபடி இலக்கணத்திலேயே தடுக்கிறது. ஆப்டோஸ் 2022இலும் சூயி 2023இலும் அதன்மேல் எழுந்தன. ஸ்டார்க்நெட்டின் கெய்ரோ, நடந்த கணக்குச் சரிதான் என்பதற்குக் கணித நிரூபணம் தருவதற்கென்றே அமைந்தது. இவற்றை எழுதியவர்கள் பெரும் திறமைசாலிகள். எந்திரத்துக்கு ஊற்றிய உழைப்பில் பாதியாவது முதல் நாளிலிருந்தே கருவிக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஏ.எல். முடித்த பிள்ளைகள் சிலருக்கு வார இறுதியில் நிரல் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருவன் ஒரு பின்னேரம் வாட்ஸ்அப்பில் கேட்டான்.

“நானா, பில்ட் சரி எண்டு வந்திச்சி. ஓட்டினா மட்டும் உடையுது. என்ட கோட்ல என்ன பிழை?”

“மேல ஏறிப் பாரு தம்பி. சிவப்பு வரி ஒண்டு கிடக்கும்.”

“ஓம், கிடக்கு. 4096 எண்டு ஒரு நம்பர். இது பிழையா, சும்மா எச்சரிக்கையா?”

அவன் எழுதியது சொலானாவுக்கு. அந்த எந்திரத்தில் ஒரு செயற்கூறு தன் தற்காலிக மாறிகளை வைக்க 4096 பைட் இடம்தான் உண்டு. பெயர்களும் முகவரிகளும் நிறைந்த ஒரு பெரிய பதிவை அதற்குள் திறந்தால் இடம் போதாது. எட்டு பைட் மீறினாலும் மீறல்தான். நிரலை எந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றும் தொகுப்பி அதைக் கண்டுபிடித்து ஒரு வரி எழுதும். ஆனால் நாங்கள் பயன்படுத்திய பதிப்புகளில், எழுதிவிட்டு நிற்காமல் வேலையை முடித்து, கடைசியில் ‘முடிந்தது’ என்றும் அறிவித்துவிடும். ஓட்டும்போது, தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதாக வேறொரு செய்தி வரும். அதில் வரி எண் இராது. இரண்டு செய்திக்கும் உள்ள தொடர்பை முன்பே தெரிந்தவர்தான் காண முடியும். தீர்வு மிகச் சின்னது. அந்தப் பதிவைக் ‘குவியல்’ எனப்படும் மற்ற நினைவகப் பகுதிக்கு மாற்றச் சொல்லும் ஒரே ஒரு சொல்லை முன்னால் சேர்த்தால் சரி. ரஸ்ட் மொழியில் ஊறியவருக்கு இது மூச்சு விடுவது போல. தம்பிக்கு ரஸ்டும் புதிது, சொலானாவும் புதிது.

இதே வகையில் இன்னொன்று, பிழை எண். சொலானாவில் ஒரு பரிவர்த்தனை பல நிரல்களைத் தொடர்ச்சியாக அழைக்கும். தோற்றால் ஓர் எண் வரும். எண் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு நிரல் அந்த 1ஐச் சொன்னால் கணக்கில் சொலானாவின் நாணயம் போதவில்லை. டோக்கன் நிரல் சொன்னால் டோக்கன் போதவில்லை. யாரோ எழுதிய மூன்றாவது நிரல் சொன்னால், அவர் மனதில் என்ன நினைத்தாரோ அது. ஓட்டத்தின் பதிவான லொக்கைக் கீழிருந்து மேலாக வாசித்து, எந்த நிரல் சொன்ன 1 என்று முதலில் பிடிக்க வேண்டும். ஆங்கர் என்ற சட்டகம் இதைப் பெரிதும் சீராக்கியிருக்கிறது. அதில் நிரலர் வைக்கும் சொந்தப் பிழைகள் 6000இலிருந்து தொடங்கும். பெயரும் விளக்கமும் சேர்ந்து வரும், கோப்புப் பெயரும் வரி எண்ணும் லொக்கில் விழும். அந்த வரி எண்ணைச் சேர்த்தவர் யாரென்று எனக்குத் தெரியாவிட்டாலும் அவருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

நிரலை எழுதத் தொடங்குவதற்கு முன்பே ஒரு மலை இருக்கிறது. ரஸ்ட், சொலானாவின் கருவித் தொகுதி, ஆங்கர் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்த பதிப்பில் இருக்க வேண்டும். 2024 கடைசியில் ரஸ்டின் 1.83 பதிப்பு வந்தபோது, சார்புகளைப் பூட்டி வைக்கும் கோப்பு நான்காம் வடிவத்துக்கு மாறியது. சொலானாவின் தொகுப்பிக்குள் இருந்த பழைய ரஸ்டுக்கு அந்த வடிவத்தை வாசிக்கத் தெரியாது. நேற்று ஓடிய திட்டம் இன்று ஓடவில்லை. கோப்பின் மேலே இருக்கும் 4ஐக் கையால் 3 ஆக்கினால் பலருக்கு ஓடியது. அதைத் தெரிந்துகொள்ளும்வரை எல்லாவற்றையும் அழித்து மறுபடி தரவிறக்குவதுதான் எவருக்கும் தோன்றும் வழி. நகரத்து ஃபைபரில் அது ஒரு தேநீர் நேரம். கைத்தொலைபேசி டேட்டாவைப் பங்கிட்டு வேலை செய்யும் வீட்டில் அது அந்த மாதத்துப் பொதி. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தது. மின்சாரம் இருந்த கொஞ்ச நேரத்தில் எது தொகுத்து முடிகிறதோ அதைத்தான் அந்த நாட்களில் கற்க முடிந்தது. சிறிய கருவி, வேகமாகத் தொகுக்கும் கருவி என்பது எங்களுக்கு ஆடம்பரமில்லை.

கெய்ரோவுக்கு வேறு சிக்கல். அங்கே அடிப்படை எண் நாம் பள்ளியில் படித்த முழு எண் இல்லை. 252 பிட் அளவான ஒரு பெரிய பகா எண்ணுக்குள் சுற்றிவரும் களம் அது. பழைய கெய்ரோவில் 7ஐ 2ஆல் வகுத்தால் மூன்றும் வராது, மூன்றரையும் வராது. இரண்டால் பெருக்கினால் அந்தக் களத்தில் 7 ஆகிற ஏதோ ஒரு பிரம்மாண்ட எண் வரும். கணிதப்படி அது முற்றிலும் சரி. பிழைச் செய்தியும் வராது. எண்ணைப் பார்த்துத் திகைத்து நிற்பவருக்கு இது களம் என்று சொல்ல எவருமில்லை. சரங்களும் அப்படித்தான். ஓர் எண்ணுக்குள் அடங்கும் 31 ஆங்கில எழுத்துதான் அங்கே குறுஞ்சரம். என் ‘நிலுவை போதாது’வுக்கு அதில் இடமில்லை. 2023இல் கெய்ரோவைப் புதிதாக எழுதி வெளியிட்டபோது சாதாரண முழு எண்கள் வந்தன, பிறகு நீண்ட சரங்களும் வந்தன. நல்ல மாற்றம். ஆனால் பழைய மொழியில் எழுதிய ஒப்பந்தங்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. சோதனைக்குப் பலர் நம்பியிருந்த புரோட்டோஸ்டாரின் இடத்துக்கு ஸ்டார்க்நெட் ஃபவுண்ட்ரி வந்தது. பழைய விளக்கக் கட்டுரைகள் மட்டும் தேடலில் இன்னும் மேலே வந்து நிற்கின்றன. கேட்க ஆளில்லாத பிள்ளை அதைத்தான் முதலில் திறக்கிறது.

முழுக்க வேறான எந்திரத்தையாவது எச்சரிக்கையோடு அணுகுவோம். ஏறக்குறைய ஒன்று என்று சொல்லும் எந்திரம்தான் ஆளைக் கவிழ்க்கும். சீகே-சிங்க் எரா என்ற வலை 2023 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்தது. சொலிடிட்டியில் எழுதியதையே அங்கே கொண்டுபோக முடிந்தது. உள்ளே இருந்ததோ ஈவிஎம் அல்லாத வேறொரு எந்திரம். அதற்கென்று தனித் தொகுப்பி, காஸ் கணக்கும் வேறு. அடுத்த மாதமே ஒரு குழு அங்கே டோக்கன் விற்று 921 ஈதர் திரட்டியது. அன்றைய விலையில் சுமார் 17 இலட்சம் டொலர். பணத்தை வெளியே எடுக்கப் போனால் முடியவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தது சொலிடிட்டியின் பழைய ‘ட்ரான்ஸ்ஃபர்’ கட்டளை. அது பணம் அனுப்பும்போது 2300 காஸ் மட்டுமே கூடக் கொடுக்கும். எதீரியத்தில் அது போதும், புதிய எந்திரத்தின் கணக்கில் போதவில்லை. தொகுத்தபோது எந்தத் தடையும் இல்லை, பணத்தை உள்ளே போடும்போதும் தடை இல்லை. வெளியே எடுக்கும் கதவு மட்டும் திறக்கவில்லை. வலையை உருவாக்கிய மேட்டர் லேப்ஸ் பணத்தை விடுவிக்க வழி கண்டதாகப் பிறகு அறிவித்தது. ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் பணமாக இருந்தால் யார் வழி காணப் போகிறார்கள் என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அந்தப் பயம் போகவில்லை.

அதே ஆண்டில் இன்னொரு சின்னக் குழப்பம். ஏப்ரலில் எதீரியம் ‘புஷ்-0’ என்ற புதிய கட்டளையைச் சேர்த்தது. மே மாதம் வந்த சொலிடிட்டி 0.8.20 அதை இயல்பாகவே பயன்படுத்தத் தொடங்கியது. ஈவிஎம்தான் என்று சொல்லிக்கொண்ட பல வலைகளில் அந்தக் கட்டளை அப்போது இல்லை. ‘செல்லாத கட்டளை’ என்று வரும், அவ்வளவுதான். அமைப்புக் கோப்பில் எந்திரப் பதிப்பை ‘பாரிஸ்’ என்று ஒரு படி பின்னே வைத்தால் தீர்ந்தது. இதை நான் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்துகொடுத்தபோது, அவர் வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டார். மாற்றியது ஒரு சொல்தானே, மீதி நேரமெல்லாம் தேடலில் போனது.

இலங்கையிலிருந்து எழுதுபவர்களுக்குச் சோதனைச் சூழலே தனிப் பிரச்சினை. மெய்நிகர் நாணயங்கள் பற்றி மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டைகளால் அவற்றுக்குக் கொடுப்பனவு செய்யவும் அனுமதி இல்லை. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. பொருளாதாரம் சரிந்த காலத்தில் மோசடிக்காரர்களிடம் சேமிப்பை இழந்தவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். நான் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எந்திரம் எப்படி ஓடுகிறது என்பதை. நாணய வியாபாரத்தை அல்ல. அதற்குச் சோதனை வலையின் பெறுமதியற்ற நாணயம் போதும், அதை இலவசமாகவே தருவார்கள். ஆனால் நாங்கள் போய் நின்ற ஒரு விநியோகத் தளம், உண்மையான வலையில் ஏற்கெனவே கொஞ்சம் ஈதர் வைத்திருப்பவருக்குத்தான் தருவேன் என்றது. தானியங்கி நிரல்கள் சுருட்டிக்கொண்டு போவதைத் தடுக்க அந்த விதி. 2023 பெப்ரவரியில் கோயர்லி என்ற சோதனை வலையின் நாணயத்துக்கே சந்தையில் விலை வந்துவிட்டது என்பதால் அவர்களின் பயம் விளங்குகிறது. ஆனால் சட்டத்தை மதித்து ஒன்றும் வாங்காமல் இருக்கும் மாணவன்தான் அந்த விதியில் முதலில் வெளியே நிற்கிறான்.

இதனால்தான் சொந்தக் கணினிக்குள் ஓடும் உள்ளூர் வலையை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன். ஃபவுண்ட்ரியின் ஆன்வில் ஒரு கட்டளையில் எழும்பி, பத்துக் கணக்கும் ஒவ்வொன்றிலும் 10,000 போலி ஈதரும் தந்துவிடும். சொலானாவுக்கும் உள்ளூர்ச் சோதனை வலை உண்டு, நாணயத்தை வேண்டிய மட்டும் நாமே போட்டுக்கொள்ளலாம். கனமானது, எங்கள் பழைய மடிக்கணினிகளில் விசிறி சத்தம் போடும். விண்டோஸ் வைத்திருப்பவர் பெரும்பாலும் அதற்குள் லினக்ஸை நிறுவிய பிறகே தொடங்க முடியும்.

நிலைமை திருந்தவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 செப்டெம்பரில் ஆர்பிட்ரம் வலையில் ஸ்டைலஸ் வந்தது. ரஸ்டில் எழுதிய ஒப்பந்தமும் சொலிடிட்டி ஒப்பந்தமும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று அழைக்கலாம். நடந்து முடிந்த பரிவர்த்தனையை மறுபடி ஓட்டி வரி வரியாகப் பார்க்கவும் வசதி இருக்கிறது. ஆனால் அதற்கு, சுவடு பார்க்கும் சேவையைத் திறந்து வைத்திருக்கும் நோட், அதாவது வலையின் கணினி ஒன்று, வேண்டும். இலவச நோட்கள் பலவற்றில் அது இராது. சீகே-சிங்க் 2025இல் ஈவிஎம் நிரலை மாற்றமின்றி ஓட்டும் பகுதியைத் தன் எந்திரத்துக்குள் சேர்த்தது. கருவிகளை விட்டுப் பிரிந்து போனவர்கள் கருவிகளைத் தேடித் திரும்பி வருவதாகவே அதை நான் பார்க்கிறேன். மறுபக்கம், பழைய கருவிகளும் நிலையில்லை. எத்தனையோ பேரின் முதல் பாடமாக இருந்த ட்ரஃபிளையும் கனாஷையும் மூடப் போவதாக 2023 செப்டெம்பரில் கொன்சென்சிஸ் அறிவித்தது.

2025 ஏப்ரலில், எதீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டரின், அதன் எந்திரத்தையே காலப்போக்கில் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த சிப் இலக்கணத்துக்கு மாற்றலாம் என்று முன்மொழிந்தார். நிரூபணச் செலவு மிகவும் குறையும் என்பது அவர் வாதம். பழைய ஒப்பந்தங்கள் தொடர்ந்து ஓடும் என்றும், சொலிடிட்டியிலேயே எழுதிக்கொண்டு போகலாம் என்றும் சொல்கிறார். அப்படி நடந்தால் நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் மாற்று வலைகளின் கதையாக இராது, எல்லார் வீட்டுக்கும் வந்துவிடும். அந்த மாற்றத்தின் திட்டத்தில் பிழைத்திருத்திக்கும் சுவடு காட்டிக்கும் தனி இடமும் தனிப் பணமும் ஒதுக்க வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. எந்திரம் தயாரான பிறகு தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவதால் வரும் இழப்பைச் சொலானாவிலும் கெய்ரோவிலும் பார்த்துவிட்டோம்.

இப்போது எந்தப் புதிய எந்திரம் வந்தாலும் பிள்ளைகளும் நானும் ஒரே பரீட்சை வைக்கிறோம். தரவிறக்கம் முடிந்ததும் வைஃபையை அணைத்துவிடுவோம். எண் ஒன்றைக் கூட்டும் சின்ன ஒப்பந்தத்தை எழுதி, உள்ளூர் வலையில் ஏற்றி, வேண்டுமென்றே உடைப்போம். இணையத்தின் உதவியில்லாமல் பிழை எந்த வரியில் என்று சொல்ல வேண்டும். ஆன்விலில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சொலானாவில், ஆங்கர் வழியாக எழுப்பிய பிழையைச் சொன்னார்கள், நினைவகப் பிழையைச் சொல்ல முடியவில்லை. கிடைத்த பிழை எண்களையும் அவற்றின் பொருளையும் தமிழில் ஒரு கோப்பில் எழுதி வருகிறோம். 4096இன் கதையைத் தம்பியே எழுதினான். ஸ்டைலஸ் அடுத்தது. அதற்கான நோட்டை எங்கே ஓட்டுவது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.